பரமேஸ்வரி ஒட்டிய கம்பளி நூல்கள்

சனிக்கிழமை மதியம் ரஹாங்கில் ஒரு பட்டறையில், கார் தயாராவதற்காக உட்கார்ந்திருந்தேன். பரமேஸ்வரியின் கணவர் மணியம் போன் செய்தார். "அண்ணே, அவ போயிட்டா. டயாலிசிஸ் முடிஞ்சி வந்து படுத்தா, எழும்பல." நான் "சரி" என்றேன். இந்த ஆண்டில் எனக்கு வந்த நான்காவது சாவுச் செய்தி அது. அழுவதற்குக்கூட அலுப்பாக இருந்தது.

போர்ட்டிக்சன் பக்கத்தில் படகு கட்டும் தளம் ஒன்றில் பரமேஸ்வரியும் நானும் பதினேழு ஆண்டுகள் அடுத்தடுத்த மேசை. அவர் படகின் உடலை வரைவார். அதைச் சுற்றித் தண்ணீர் எப்படி ஓடும் என்று நான் கணினியில் கணக்கிடுவேன். சுவா ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களின் மகள் அவர். அதைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை.

அவரோடு வேலை செய்தவர்களுக்கு அந்தப் பயணிகள் படகு நினைவிருக்கும். கணக்கிடும்போது, படகைச் சுற்றியுள்ள தண்ணீரைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிப்போம். கட்டம் சிறிதானால் விடை சரியாக வரும், ஆனால் கணினி நாள்கணக்கில் ஓடும். கெடு நெருங்கியிருந்தது, எனக்கும் களைப்பு. படகின் பின்புறத்தில் கட்டங்களைப் பெரிதாக வைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. திரையில் தண்ணீர் நீலக் கோடுகளாக வழுக்கிக்கொண்டு போனது.

பரமேஸ்வரி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். "ரொம்ப நல்லாருக்குலா. அதான் பயமா இருக்கு" என்றார்.

மாதிரிப் படகை எடுத்துக்கொண்டு சோதனைத் தொட்டிக்குப் போனார். அதன் அடிப்பகுதி முழுக்க விரல்நீளக் கம்பளி நூல்களை ஒவ்வொன்றாக ஒட்டி, தொட்டியில் இழுக்கவிட்டு, நீருக்கடியில் படம் பிடித்தார். தண்ணீர் ஒட்டி ஓடும் இடத்தில் நூல் படிந்து கிடக்கும். விலகும் இடத்தில் துடிக்கும். சுக்கானுக்குச் சற்று முன்னால் பத்துப் பன்னிரண்டு நூல்கள் எதிர்ப்பக்கம் மடங்கித் துடித்தன.

"சுக்கானுக்குச் சரியா தண்ணி போவல. வேகத்துல திருப்பினா திரும்பாது" என்று மேலாளரிடம் சொன்னார்.

மேலாளர் என்னைப் பார்த்தார். "கம்ப்யூட்டர் என்ன சொல்லுது?"

"ஓகேன்னு சொல்லுது, போஸ்" என்றேன்.

பரமேஸ்வரி கையெழுத்துப் போட மறுத்தார். நான் போட்டேன். படகு கட்டப்பட்டது.

கடல் சோதனையன்று யாரும் அழைக்காமலே வந்து ஏறினார். "நீங்க ஏன் வர்றீங்க?" என்று கேட்டேன். "நான் வரைஞ்ச படகு. நீங்கல்லாம் ஏறுறீங்க, நான் கரையில நிக்கவா?"

முழு வேகத்தில், படகைச் செலுத்திய தெக்கோங் சக்கரத்தை இடப்பக்கம் ஒடித்தார். படகு திரும்பவில்லை. எதிரே ஒரு சிறு படகில் வலை இழுத்துக்கொண்டிருந்த கணவனும் மனைவியும் எழுந்து நின்றார்கள். அவர்கள் கத்துவது தெரிந்தது, கேட்கவில்லை. தெக்கோங் எஞ்சினைப் பின்னோக்கிப் போட்டார். நாங்கள் நின்றபோது, அந்தப் பெண் கையை நீட்டியிருந்தால் எங்கள் படகைத் தொட்டிருக்கலாம்.

பரமேஸ்வரி என் பக்கம் திரும்பினார். சொன்னேனே என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். "உங்களுக்கு அடி கிடி படலியே?" என்று மட்டும் கேட்டார்.

கரைக்குத் திரும்பும் வழியில், களைப்பில் கட்டங்களைப் பெரிதாக வைத்ததை அவரிடம் சொல்லிவிட்டேன். "களைப்பா இருந்தா சொல்றதுக்கென்ன? பாதி வேலைய நான் வாங்கியிருப்பேன்ல" என்றார்.

படகின் பின்புறத்தை மாற்றி வரைய மூன்று மாதம் ஆனது. அந்த மாதங்களில் அவருடைய பாதங்கள் செருப்புக்குள் நுழையாதபடி வீங்கியிருந்தன. அவர் யாரிடமும் சொல்லவில்லை. நான் பார்த்தேன், கேட்கவில்லை. இப்போது அதுதான் மனத்தை அரிக்கிறது.

அந்தப் படகு இன்றும் ஓடுகிறது, நன்றாகத் திரும்புகிறது.

சோதனையில் நடந்ததைப் பற்றிய அறிக்கையை அவர்தான் எழுதினார். நடுவில் ஓரிடத்தை மட்டும் வெறுமையாக விட்டு என் மேசையில் வைத்தார். "இது நீங்க எழுத வேண்டியது. நான் எழுதினா அது வேற மாரி ஆயிடும்." கட்டங்களைப் பற்றி நான்கு வரி எழுதினேன். அவர் படித்துவிட்டு, ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தி, கீழே கையெழுத்துப் போட்டார். எனக்கும் இடம்விட்டிருந்தார்.

அந்தத் தாளின் பிரதி என்னிடம் இருக்கிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான்.