கைகாட்டியை முதலில் சொன்னவன்

புகைவண்டியைப் பற்றி இப்போது ஆசையாகப் பேசுகிறவர்களில் பலரும் அதில் ஒரு நாள்கூட வேலை பார்த்திருக்க மாட்டார்கள். நான் இருபது வருஷத்துக்கு மேல் பார்த்தேன். முதலில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேனாக, பிறகு டிரைவராக. முன்னால் நெருப்பு, பின்னால் திறந்த வெளி. மார்கழி மாதத்தில் முகம் வேகும், முதுகு விறைக்கும். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தாலும் காது மடிப்பில் கரித்தூள் இருக்கும். அதை விட்டு வந்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வருத்தம் வேறு.

கடைசி வருஷங்களில் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகும் எங்கள் வண்டியைப் படம் பிடிக்க வெள்ளைக்காரர்கள் வருவார்கள். ஒருவர் இங்கிலாந்துக்காரர். தங்கள் நாட்டில் நீராவி எஞ்சின்களை எல்லாம் என்றோ உடைத்து இரும்பாக விற்றுவிட்டார்கள் என்று கூட வந்த ஆளை விட்டுச் சொல்லச் சொன்னார். சொல்லும்போது கண் கலங்கியது. நாடு நாடாகப் போய் மிச்சமிருக்கிற எஞ்சினைப் பார்க்கிறாராம். எங்கள் ஃபயர்மேன் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "இன்னாண்ணே, நம்மள வுட்டா இதை இன்னிக்கே குடுத்துடலாமே. ஏத்திக்கினு போவச் சொல்லு."

இந்த ஃபயர்மேனைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். பாகூர் பக்கம் செலியமேட்டுக்காரர். நெல் விவசாயக் குடும்பம். என்னைவிட மூன்று வயது சின்னவர், ஆனால் வாய் என்னைவிட முப்பது வயது மூத்தது. எஞ்சினில் எங்கள் இரண்டு பேர் தவிர, பின்னால் கரி நிரப்பி வைத்திருக்கும் டெண்டரில் கரி உடைத்துத் தள்ள ஒருவர் உண்டு. அவர் எப்போதும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருப்பார்.

எஞ்சினில் ஒரு வழக்கம் இருந்தது. ஸ்டேஷனுக்கு முன்னால் கைகாட்டி மரம் நிற்கும். கை நீட்டி இருந்தால் நிற்க வேண்டும், கீழே விழுந்திருந்தால் போகலாம். டிரைவர், ஃபயர்மேன் இருவரில் யார் முதலில் பார்க்கிறாரோ அவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மற்றவர் தானும் பார்த்துவிட்டு, அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். ஒருவர் கண் தவறினாலும் இன்னொருவர் கண் தவறாது என்பதற்காக வைத்த வழக்கம். நல்ல வழக்கம்தான். இருவரும் உண்மையிலேயே பார்க்கிற வரைக்கும்.

எனக்கு நாற்பத்தைந்து வயதில் கண் மங்கத் தொடங்கியது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வரும் கண் சோதனையில் தேறிவிட்டு வந்த கொஞ்ச நாளில் ஆரம்பித்தது. நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்குப் புரை சீக்கிரம் வருமாம், பிறகு டாக்டர் சொன்னார். முதலில் பஸ் போர்டு போயிற்று. வில்லியனூர் கடைத்தெருவில் நின்றுகொண்டு, சுத்துக்கேணியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போக, பள்ளிக்கூடப் பெண்களிடம் "இது எந்த ஊர் பஸ்ஸும்மா?" என்று கேட்பேன். பாவம், படிக்கத் தெரியாதவர் என்று அவர்கள் பொறுமையாகச் சொல்வார்கள். அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் இந்தப் பெரியவர் எழுநூறு பேரை ஏற்றிக்கொண்டு எஞ்சின் ஓட்டி வந்தார் என்று தெரிந்தால் என்ன செய்திருப்பார்களோ.

வெளியே சொன்னால் எஞ்சினிலிருந்து இறக்கிவிடுவார்கள். சோறு போகாது, எங்காவது ஸ்டோரிலோ ஓய்வறையிலோ உட்கார வைப்பார்கள். அதுதான் எனக்குப் பயம். கரும்பு வெட்டப் போன குடும்பத்திலிருந்து எஞ்சின் ஏறினவன் நான் ஒருவன்தான். டிரைவர் வூடு என்றுதான் எங்கள் தெருவில் என் வீட்டுக்கு அடையாளம். அந்த ஒரு வார்த்தைக்காகச் சொல்லாமல் இருந்தேன். இதற்கு மேல் பெரிய காரணம் ஏதும் இல்லை.

ஃபயர்மேனுக்கு எப்படித் தெரிந்தது என்றால், சின்னபாபுசமுத்திரம் தாண்டி ஒரு நாள் தண்டவாளத்தின் ஓரத்தில் ஆள் நிற்கிறான் என்று விசிலை இழுத்து இழுத்து ஊதினேன். ஆள் நகரவே இல்லை. கிட்டே போனால் இடி விழுந்து மொட்டையாகிப்போன பனைமரம்.

"இன்னாண்ணே, பனைமரத்துக்கா ஊதறே? அது எங்க ஓடும்?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாளிலிருந்து எல்லாக் கைகாட்டியையும் அவரே முதலில் சொல்ல ஆரம்பித்தார். கரி போட்டுக்கொண்டிருந்தாலும் சரியான இடம் வந்ததும் நிமிர்ந்து, வெளியே தலையை நீட்டி, "விழுந்துடுச்சு" என்பார். நானும் "விழுந்துடுச்சு" என்பேன். எட்டு மாதம் இப்படி ஓடியது. அந்த எட்டு மாதத்தில் நான் பார்த்துச் சொன்ன கைகாட்டி ஒன்றுகூடக் கிடையாது.

அப்போதுதான் டீசல் வரப்போகிறது என்ற பேச்சு உறுதியாயிற்று. ஃபயர்மேன்களில் சிலருக்கு டீசல் பயிற்சிக்குக் கடிதம் வந்தது. அவருக்கும் வந்தது. போய் வந்தால் துணை டிரைவர், பிறகு ஒரு நாள் டிரைவர். அவர் வாழ்க்கையில் எதிர்பார்த்திருந்தது அந்த ஒன்றைத்தான். கடிதத்தைக் காட்டியபோது கையைத் துணியில் துடைத்துவிட்டுத்தான் பிரித்தார். நான் முதுகில் தட்டிக்கொடுத்தேன். மனசுக்குள் எரிச்சலாக இருந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும். பதினைந்து நாளில் அவர் போய்விடுவார். புதிதாக வருகிறவனுக்குப் பனைமரக் கதை தெரியாது. அவன் நான் சொல்வதற்காகக் காத்திருப்பான்.

அதனால் நானே சொல்லிப் பழகிக்கொள்ள முடிவு செய்தேன். எத்தனை வருஷமாகப் போகிற பாதை, எந்த இடத்தில் எந்த மரம் என்று தூக்கத்தில்கூடத் தெரியும். அதிலும் வில்லியனூர் கைகாட்டி காலை வண்டிக்கு விழாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. அந்தத் தடத்தில் அந்த நேரத்துக்கு எங்களை விட்டால் வேறு வண்டி கிடையாது. செக்குமாடு சுற்றுகிற மாதிரி நாங்கள் போவோம், கை விழுந்திருக்கும்.

அன்றைக்கு வில்லியனூரில் தேர். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். சின்னபாபுசமுத்திரத்திலேயே கூட்டம் வண்டியில் அடைந்து ஏறியிருந்தது. வில்லியனூர் நெருங்கும்போது அவர் குனிந்து கரி போட்டுக்கொண்டிருந்தார். தூரத்தில் வெள்ளையாக ஏதோ கலங்கித் தெரிந்தது. கை சரிந்திருப்பது போலத்தான் இருந்தது. அவர் நிமிர்வதற்குள் முந்திக்கொண்டு நான் சொன்னேன்: "விழுந்துடுச்சு."

எட்டு மாதத்துக்குப் பிறகு நான் முதலில் சொல்கிறேன். அவர் சட்டென்று நிமிர்ந்தார். வெளியே பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. "விழுந்துடுச்சு" என்று திருப்பிச் சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

கை விழவில்லை. ரோடு தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில் உள்ள கேட்டை மூடினால்தான் கைகாட்டி இறங்கும். தேர்க் கூட்டத்தில் கேட்காரர் கேட்டை மூட முடியாமல் தவித்துக்கொண்டிருந்திருக்கிறார். கரும்பு ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று தண்டவாளத்தின் நடுவில் ஜனங்களுக்குள் மாட்டிக்கொண்டு நின்றது. கேட்காரரின் சிவப்புக் கொடி எனக்கு ஏதோ துணி ஆடுவது போலத்தான் தெரிந்தது. ஃபயர்மேன்தான் "அண்ணே, நிறுத்து, நிறுத்து!" என்று அலறினார். பிரேக்கை முழுசாகப் போட்டேன். சக்கரம் நின்று தண்டவாளத்தில் தேய்ந்துகொண்டே போயிற்று. வண்டிக்காரர் மாட்டை அவிழ்த்துவிட்டுக் குதித்துவிட்டார். ஜனங்கள் இரண்டு பக்கமும் சிதறினார்கள். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் ஜல்லியில் விழுந்தாள். எஞ்சின் கரும்பு வண்டியின் பின்பக்கத்தை ஒரு தள்ளு தள்ளி அச்சை முறித்துவிட்டு நின்றது.

யாரும் சாகவில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்றார்கள். அந்தப் பெண்ணுக்கு முழங்கையில் தோல் உரிந்திருந்தது, குழந்தைக்கு ஒன்றும் இல்லை. அவள் என்னைத் திட்டக்கூட இல்லை. எஞ்சினையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சிதறிய கரும்பைத் தேர் பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு போனார்கள். வண்டிக்காரர் மட்டும் அவர்கள் பின்னால் ஓடி ஓடிக் கத்திக்கொண்டிருந்தார்.

விசாரணை விழுப்புரத்தில். முதலில் ஃபயர்மேனைக் கூப்பிட்டார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, முதலில் சொன்னது நான்தான், கண் தெரியாமல் சொன்னேன் என்பதை எப்படிச் சொல்வது என்று வார்த்தை கூட்டிக்கொண்டிருந்தேன். சொல்லத்தான் நினைத்திருந்தேன். அதையும் நம்ப வேண்டும் என்று யாரையும் கேட்கவில்லை.

உள்ளே போனதும் அதிகாரி ஒரு தாளைப் படித்தார். "அன்று காற்றில் புகை டிரைவர் பக்கம் இறங்கிவிட்டது, டிரைவருக்குக் கைகாட்டி தெரியவில்லை, அவர் என்னைக் கேட்டார், நான் வெளியே பார்க்காமலே விழுந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன்." கீழே ஃபயர்மேனின் கையெழுத்து.

"இது சரிதானா?" என்றார்.

"சரிதான்" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைதான் நான் சொன்னது. ஒருவர் குற்றத்தை ஒத்துக்கொண்ட பிறகு இன்னொருவர் கண்ணைச் சோதிக்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு எச்சரிக்கைக் கடிதம். டீசல் பயிற்சிப் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். வண்டியிலிருந்தும் இறக்கி, தண்ணீர் இறைக்கும் பம்ப் ஹவுஸுக்கு அனுப்பினார்கள்.

புதிய ஃபயர்மேன் நான் பயந்த மாதிரி இல்லை, துடியான ஆள். வாய் ஓயாமல் எல்லாவற்றையும் அவனே முந்திக்கொண்டு சொன்னான். ஐந்து மாதம் ஓட்டினேன். கடைசி நீராவி வண்டியையும் நான்தான் புதுச்சேரிக்குக் கொண்டுபோனேன். எஞ்சினுக்கு வாழைமரம் கட்டி, எனக்கு மாலை போட்டார்கள். கூடத்துச் சுவரில் அந்தப் படம் இன்னும் இருக்கிறது. அடுத்த வாரம் டீசலுக்கான கண் சோதனை. இரண்டாவது வரியிலேயே டாக்டர் போதும் என்று சொல்லிவிட்டார். மீதி வருஷங்களை டிரைவர்கள் தூங்கும் ஓய்வறைக்குப் பொறுப்பாளராக, படுக்கை விரித்துக் கழித்தேன். எதற்குப் பயந்தேனோ அதுவே வந்தது. வந்து பார்த்தால் அப்படி ஒன்றும் மோசமில்லை. அந்த ஐந்து மாதத்துக்காக ஒரு மனிதனின் வாழ்க்கையை வாங்கிக்கொண்டேனே என்பதுதான் தாங்கவில்லை.

அவர் பம்ப் ஹவுஸிலேயே ஓய்வு பெற்றார். கல்யாணம் காரியத்தில் பார்த்தால் பேசுவோம். மழை, நெல், பிள்ளைகள் என்று பேசுவோம். இதை மட்டும் பேசியதில்லை. முப்பது வருஷம் ஆகப்போகிறது. அவர் எனக்காகத் தன்னைக் கொடுத்தார் என்ற நினைப்பு ஒரு நாளும் என்னை விட்டதில்லை. போன மாசி மாதம் துணிந்து மகனின் வண்டியில் ஏறிச் செலியமேடு போனேன். மகனைத் தெருவிலேயே நிற்கச் சொல்லிவிட்டு, களத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"அன்னிக்கு விசாரணையில நீ எனக்காகச் சொன்னியே..." என்று ஆரம்பித்தேன்.

"உனக்காக யாரு சொன்னது?" என்றார். காலால் நெல்லைத் துழாவிக்கொண்டே இருந்தார்.

"முதல்ல சொன்னது நான்தானேப்பா."

"நீ சொன்னா இன்னா? உனக்குக் கண்ணு தெரியாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சிக்கினே, பாக்காம திருப்பிச் சொன்னேன். கண்ணு இருந்தது எனக்கு. பொகைன்னு சொன்னது மட்டும்தான் உனக்காக. மீதி என் தப்பு, ஒத்துக்கினேன்." துழாவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "அந்த எட்டு மாசமும் வண்டிய யாரு ஓட்டினதுன்னு நெனச்சிக்கினு இருந்தே நீ?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குக் காது சூடாகிவிட்டது. இத்தனை வருஷமாக அவர் செய்த தியாகம் என்று நான் சுமந்துகொண்டிருந்தது ஒரு மனிதன் தன் தவறைத் தானே ஒத்துக்கொண்ட காரியம். எஞ்சினில் இரண்டு பேர் தவறு செய்தோம். ஒத்துக்கொள்ளாதவன் நான் ஒருவன்தான். அதை நன்றி என்றும் கடன் என்றும் பேர் வைத்து மூடி வைத்திருந்தேன்.

"நான் அன்னிக்குக் கைகாட்டியப் பார்க்கலப்பா" என்றேன். "பார்த்த மாதிரி சொன்னேன்."

"தெரியும்" என்றார். "சொல்றதுக்கு இம்மாம் நாளாச்சா?"