அடிக்கு முந்தைய காட்சி

சினிமா வட்டாரத்தில் அவளுக்குக் கத்திரி என்று பெயர். படத்தொகுப்பு கம்ப்யூட்டருக்குப் போய் எத்தனையோ காலம் ஆயிற்று. அவள் கத்திரிக்கோலால் நூல்கூட நறுக்கியதில்லை என்று உதவியாளர்கள் கேலி பேசுவார்கள். ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. சண்டைப் படம் என்றால் அவளிடம்தான் வருவார்கள்.

அடியைக் காட்டுவது பெரிய காரியமில்லை. அந்த அடியை ஜனங்களே கேட்டு வாங்க வேண்டும், வித்தை அங்கேதான் இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருப்பவனை ஒருத்தன் அறைந்தால் தியேட்டரே முகம் சுளிக்கும். அறைகிறவனை முதலில் நாலு பேர் எதிரில் தலைகுனிய வைக்க வேண்டும். அவன் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை விழ வேண்டும். அவன் பொறுத்துப் போக வேண்டும், கைவிரல் மட்டும் இறுக வேண்டும். அப்புறம் பாருங்கள், ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காத மனிதர்கள்கூட ‘போடு’ என்று கத்துவார்கள். சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்கள். சாதுவை மிரளவைத்துத்தான் தான் சோறு சாப்பிடுவதாக அவளே சொல்லிக்கொள்வாள்.

அப்போது கையில் இருந்த படத்தில் கதாநாயகன் மனைவியை அறைகிறான். வெளியீட்டுக்கு முன் ஜனங்களுக்குப் போட்டுக்காட்டிய முன்னோட்டக் காட்சியில் ஒருத்தரும் ரசிக்கவில்லை. இயக்குநர் தலையில் கைவைத்துக்கொண்டு வந்தார்.

“அவன் மேலதான்க்கா எல்லாருக்கும் கோபம் வருது. அவன் நம்ம ஹீரோ!”

“வராம என்ன செய்யும்? வீட்டுக்குள்ள வரும்போதே நாற்காலிய எட்டி ஒதைக்கிறான். அத எடுத்துடுவோம். அடி வாங்கினப்புறம் அவ கத்துறால்ல, அத அடிக்கு முன்னாடி போடுவோம்.”

அவ்வளவுதான் செய்தாள். அவன் உள்ளே வருவது போயிற்று, அவள் கத்துவது முன்னால் வந்தது. அடுத்த முன்னோட்டத்தில் அறை விழுந்ததும் கைதட்டல். பெண்களும் தட்டினார்கள். இயக்குநர் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அந்த மகிழ்ச்சியோடு வீட்டுக்கு வந்தால், கதவருகே பையோடு தங்கை நின்றிருந்தாள். ஒரு பக்கக் கன்னம் வீங்கிக் கண் சிறுத்திருந்தது. உள்ளே கூட்டிப்போய் ஈரத்துணியை ஒற்றிக்கொண்டே, என்ன ஆச்சு என்று கேட்டாள்.

“தப்பு என் மேலதான்க்கா. அவங்க அம்மாவப் பத்தி ஒரு வார்த்த விட்டுட்டேன். அவரு பொறுத்துப் பொறுத்துத்தான் பாத்தாரு. அப்புறம்தான் கை நீண்டுடுச்சு.”

“வாய அடக்கக் கூடாதாடி நீ?”

கத்திரிதான் அதைச் சொன்னாள். நெஞ்சாரச் சொன்னாள். கேட்ட கதை அவ்வளவு பொருத்தமாக இருந்தது. தங்கையும் தலையாட்டிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கீழே ஹாரன் சத்தம் கேட்டது. “அவருதான். கூட்டிட்டுப் போக வந்திருக்காரு,” என்று தங்கை பையை எடுத்தாள்.

அவள் எழுந்து நடந்தபோதுதான் கத்திரிக்கு உறைத்தது. அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை, பொறுமை, அப்புறம் கை. வீட்டில் நடக்கிற சண்டை இவ்வளவு ஒழுங்காக வராது. வெட்டி ஒட்டினால்தான் இப்படி வரும். புருஷன் உள்ளே வருகிற காட்சி இவள் கதையிலும் இல்லை. கத்திரிக்குத் தன் கையைப் பார்க்கவே கூசியது.

“நில்லு. முதல்லேருந்து சொல்லிட்டுப் போ.”

“சொன்னேனேக்கா.”

“நீ பேசினதுலேருந்து சொன்ன. அவரு கதவத் தொறந்ததுலேருந்து சொல்லு.”

தங்கை யோசித்தாள். “நான் துணி மடிச்சிட்டிருந்தேன். வந்தாரு. ஒண்ணும் பேசல. ஜன்னல சாத்தினாரு. அப்புறம்...” அவள் குரல் தாழ்ந்தது. “வாட்சக் கழட்டி மேசை மேல வெச்சாரு.”

“அதுக்குள்ள நீ என்ன பேசியிருந்த?”

“ஒண்ணும் பேசலக்கா. நான் இன்னும் வாயே தொறக்கல. அவர் வாட்சக் கழட்டினதும் பயத்துலதான் கத்தினேன், உங்கம்மா உன்ன இப்படித்தான் வளத்தாங்களான்னு.”

கத்திரி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“போன தடவையும்...” என்றாள் தங்கை, தனக்குத்தானே சொல்வதுபோல. “போன தடவையும் மொதல்ல வாட்சுதான்.”

கீழே மறுபடி ஹாரன் அடித்தது. தங்கை பையைத் தரையில் வைத்தாள். போய்க் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாள்.