யோன்கா ஒட்டிய இரண்டு அஞ்சலித் தாள்கள்

யோன்கா தராக்சியேவா பொய் எழுத மாட்டாள். எங்கள் ஊர் பெலி புனாரில் இருபத்தாறு வருஷமாக அஞ்சலித் தாள் எழுதுகிறவள் அவள்தான். செத்தவர்களைப் புகழ்வதே தொழிலாக வைத்துக்கொண்டு பொய் இல்லாமல் எப்படிக் காலம் தள்ள முடியும் என்று கேட்பீர்கள். நானும் கேட்டிருக்கிறேன். "தேடணும்யா. எல்லார்கிட்டயும் நல்லது ஒண்ணு இருக்கும்" என்றாள்.

தேடித்தான் எடுப்பாள். பெருங்குடிகாரர் கான்ச்சோ போனபோது, "இவர் இருந்தவரை இவ்வூரில் யாரும் தனியாகக் குடித்ததில்லை" என்று எழுதினாள். அவர் மனைவி அதைப் படித்து அழுதுகொண்டே சிரித்தாள். மருமகளை முப்பது வருஷம் பாடாய்ப் படுத்திய ஒரு மாமியாருக்கு, "தன் வீட்டில் முடிவெடுக்கும் பாரத்தைப் பிறர் தலையில் ஏற்றியதே இல்லை" என்று போட்டாள். மருமகள் கூடுதலாகப் பத்துத் தாள் வாங்கிப்போய் ஊரெங்கும் ஒட்டினாள்.

ஒருவர் இறந்தால் வீட்டுக் கதவில், தெரு மரத்தில், பஸ் நிறுத்தத்தில் படத்தோடு தாள் ஒட்டுவோம். அதோடு விட மாட்டோம். நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், முதல் வருஷம், பத்தாம் வருஷம் என்று ஒட்டிக்கொண்டே இருப்போம். உயிரோடு இருப்பவர்களைவிடச் செத்தவர்கள்தான் எங்கள் தெருவில் அடிக்கடி கண்ணில் படுவார்கள். அந்தப் படங்களைச் சரிசெய்து கொடுப்பவன் நான், மெத்தோதி, போட்டோக்காரன். அவளும் நானும் ஒரே கடையில் ஆளுக்குப் பாதி. கல்யாணப் போட்டோவில் கையிலிருக்கும் கிளாஸை அழித்து, கழுத்தில் டை மாட்டிவிடுவேன். என் பாதியில் பொய் தாராளமாக உண்டு.

போன வசந்த காலத்தில் மேயர் பென்ச்சோ எங்கள் கடைக்குத் தானே நேரில் வந்தார். ஸ்பாஸ் ஆசிரியரின் நூற்றைம்பதாவது நினைவு நாள் நெருங்குகிறது. சதுக்கத்தில் வெண்கலச் சிலையாக நிற்கிறாரே, அவர். ஊருக்கு முதல் பள்ளிக்கூடமும் வாசகசாலையும் கட்டியவர். பத்திரிகை நடத்தியவர். அப்போது எங்களை ஆண்ட துருக்கியரின் சிறையில், கூட்டாளிகளின் பெயரைச் சொல்லாமலே செத்தவர். அவரைப் பற்றி யார் குறை சொன்னாலும் எனக்குக் கோபம் வரும். யோன்காவும் சளைத்தவள் இல்லை. எட்டு வயதில் அவருடைய பேச்சை மனப்பாடமாகச் சொல்லிப் பரிசு வாங்கியவள்.

ஊர் முழுக்க ஒட்ட ஒரு பெரிய தாள் வேண்டும், வாசகம் தயாராக இருக்கிறது என்று மேயர் ஒரு சீட்டை நீட்டினார். "ஊரின் மக்கள் அனைவருக்கும் எழுத்தறிவு தந்த தந்தை." யோன்கா வாங்கிப் பார்த்தாள். அடுத்தவர் எழுதியதை அப்படியே அச்சடிப்பது அவளுக்குப் பழக்கமில்லை. கொஞ்சம் படித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வாசகசாலைக்குப் போனாள்.

மூன்று நாள் அவருடைய பழைய பத்திரிகைகளோடு உட்கார்ந்திருந்தாள். நான்காம் நாள் காலையில் வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் முக்காலியில் உட்கார்ந்தாள். காபி போட்டுக் கொடுத்தேன். குடிக்கவில்லை. பெண்பிள்ளைக்கு எழுத்துக் கற்றுத்தருவது அவள் வீட்டைவிட்டு வெளியேறக் கதவு வைத்துக்கொடுப்பது போன்றது என்று அவர் நாலு இதழில் தொடர்ந்து எழுதியிருக்கிறாராம். அதோடு நின்றாலும் பரவாயில்லை. அந்த நாளில் செவாஸ்தி என்று ஒரு ஆசிரியை, சதுக்கத்துக்குப் பின்னால் ஒரு வீட்டில் பதினோரு பெண்பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு பாடம் நடத்தியிருக்கிறாள். அதை மூட வேண்டுமென்று வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி, மூடியும்விட்டார் நம் ஆசிரியர். அதற்கப்புறம் பதினெட்டு வருஷம் ஊரில் பெண்பிள்ளைக்குப் பள்ளிக்கூடமே இல்லை.

எனக்கு முதலில் அவள்மேல்தான் கோபம் வந்தது. தோண்டச் சொன்னது யார்? அது அந்தக் காலம், அப்போது எல்லாரும் அப்படித்தான் இருந்தார்கள் என்றேன்.

"எல்லாரும்னா யாரு மெத்தோதி? செவாஸ்தி அந்தக் காலத்து ஆள் இல்லையா? புள்ளைங்கள அனுப்புனாங்களே பதினோரு வீட்டுக்காரங்க, அவங்க என்ன போன வாரம் பொறந்தவங்களா?"

ஆனாலும் விடவில்லை. அந்த மனிதர் உயிரையே கொடுத்தவர், அதற்கு முன்னால் இதெல்லாம் ஒரு விஷயமா என்றேன்.

"உயிரக் கொடுத்தாரு. இல்லேன்னு சொன்னேனா? ஆனா அவரு நெனச்சது நெனச்சபடி நடந்திருந்தா நான் இன்னிக்கு வீட்ல ஊறுகா போட்டுக்கிட்டு இருப்பேன். என் ஊறுகாய நீ தின்னிருக்கியா?"

தின்றிருக்கிறேன். ஊருக்கு அந்தக் கதி வராமல் போனது நல்லதுதான்.

விஷயம் மெல்ல ஊரில் கசிந்தது. தலைநகரிலிருந்து வந்திருந்த இளம் நூலகர், சிலையையே பெயர்த்து எடுத்துவிட வேண்டும் என்றாள். யோன்கா ஒத்துக்கொள்ளவில்லை. செத்தவர் யாருக்கும் தாள் எழுத மாட்டேன் என்று தான் சொன்னதே இல்லை, இவருக்கும் சொல்லப் போவதில்லை, பொய்தான் எழுத முடியாது என்றாள். அந்த வாரம் அவள் எழுதிக் கிழித்ததைப் பொறுக்கியே நான் அடுப்பு பற்றவைத்தேன். கடைசியில் வந்தது இது:

"ஸ்பாஸ் ஆசிரியர். இவ்வூர் ஆண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டினார். பெண்பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை மூடினார். சிறையில் யாரையும் காட்டிக்கொடுக்காமல் இறந்தார். நாங்கள் எதையும் மறக்கவில்லை."

மேயர் நின்றபடியே படித்தார். அவர் காது சிவந்ததை அன்றுதான் பார்த்தேன். "நடு வரிய எடுத்துடுங்கக்கா. மத்ததெல்லாம் இருக்கட்டும்" என்றார்.

"நடு வரிய எடுத்தா மொத வரி பொய்யாயிடும் தம்பி."

அப்படியானால் நகராட்சியின் பெயர் அந்தத் தாளில் வரக் கூடாது என்றார் அவர். இதை ஒட்டினால் இனிமேல் ஊரில் ஒருத்தரும் தங்கள் வீட்டுச் சாவை உங்களிடம் கொண்டுவர மாட்டார்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார். வெறும் மிரட்டல் இல்லை அது. செத்தவரைக் குறை சொல்கிறவள் என்று ஒருமுறை பெயர் வந்துவிட்டால் எங்கள் தொழிலில் கதை முடிந்தது. யோன்காவுக்கும் அது தெரியும். அன்று மாலை அவள் கணக்கு நோட்டை எடுத்துத் திரும்பத் திரும்பக் கூட்டியதை நான் பார்த்தேன், பார்க்காததுபோல் இருந்தேன். கோழைத்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

மறுநாள் இன்னொரு தாளும் எழுதினாள். "செவாஸ்தி, ஆசிரியை. இந்த வீட்டில் பதினோரு பெண்பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தார்." கீழே பொடி எழுத்தில், பள்ளியை மூடியபின் ஆற்றைத் தாண்டிப் போனவர் எங்கே, என்றைக்கு இறந்தார் என்று தெரியாது என்று போட்டாள். படம் கேட்டேன். கிடையாதாம். யாராவது ஒரு பழங்காலத்துப் பெண்ணின் படத்தை வைத்துவிடலாம், என்னிடம் டப்பா நிறைய இருக்கிறது என்றேன். அவள் பார்த்த பார்வையில் டப்பாவை மூடிவிட்டேன். படத்துக்கான கறுப்புச் சட்டம் காலியாகவே போயிற்று.

நினைவு நாளன்று விடிந்ததும் ஸ்பாஸ் ஆசிரியரின் தாளைச் சிலைக்கு எதிரேயிருந்த பலகையில் ஒட்டினாள். செவாஸ்தியின் தாளை அவள் பாடம் நடத்திய வீட்டுக் கதவில் ஒட்டினாள். அந்த வீடு இப்போது கிரிலின் முடிதிருத்தும் கடை.

அங்கேதான் கூத்து ஆரம்பித்தது. எங்கள் ஊர்க்காரர்கள் அஞ்சலித் தாளைப் பக்கத்தில் போய்ப் படிக்க மாட்டார்கள். தூரத்திலிருந்தே பெயரையும் சட்டத்தையும் பார்த்துவிட்டுப் பூ வாங்க ஓடுவார்கள். செவாஸ்தி, ஆசிரியை. படம் இல்லை, தேதி இல்லை. அப்படியானால் சாவு ராத்திரிதான் நடந்திருக்க வேண்டும், வீட்டுக்காரர்களுக்குப் படம் எடுக்கக்கூட நேரமில்லை, பாவம். ஒன்பது மணிக்குள் கிரிலின் வாசலில், செத்தவர்களுக்கு வைக்கிற மாதிரி இரட்டைப்படையில் இருபது கொத்துப் பூ. பாதிச் சவரத்தில் ஆளை உட்கார வைத்துவிட்டு வெளியே வந்த கிரிலின் கையை ஒவ்வொருவராகப் பிடித்துக் குலுக்கி, எங்கள் சாவு வீட்டு வழக்கப்படி, கடவுள் அவரை மன்னிக்கட்டும் என்றார்கள். அவனும் யாரென்று தெரியாமலே எல்லாருக்கும் நன்றி சொன்னான். தபால்கார அம்மா, செவாஸ்தி தனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர் என்று அழவே ஆரம்பித்துவிட்டாள். சாவு வீட்டுக்கென்று சர்க்கரை தூவிய வேகவைத்த கோதுமை ரெண்டு கிண்ணம் வந்தது. சவரம் பாதியில் நின்றவர் ஒரு கிண்ணத்தை முடித்தார்.

பூ வைக்கக் குனிந்தவர்கள்தான் பொடி எழுத்தைப் படித்தார்கள். சாவு நேற்றையது இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பிறகு தபால்கார அம்மாதான் முதலில் சிரித்தாள். மூக்கைச் சிந்திக்கொண்டு, வந்தது வந்தாச்சு, பூவைத் திரும்ப எடுத்துக்கொண்டா போவது என்றாள். ஏன் மூடினார்கள், யார் மூடியது என்று கேள்வி எழுந்தது. சதுக்கத்துப் பலகையில் இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்றேன். கூட்டம் அங்கேயும் இங்கேயுமாக நடந்தது.

அஞ்சலித் தாளின் அடியில் "துயருறுவோர்" என்று போட்டுக் குடும்பத்தார் பெயர் வரும். செவாஸ்திக்குக் குடும்பம் யாரென்று தெரியாததால் யோன்கா அந்த இடத்தை வெறுமனே விட்டிருந்தாள். மேயரின் மனைவி தெமெனுகா கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அங்கே தன் பெயரை எழுதினாள். அடுத்தவள் பேனாவை வாங்கினாள். பத்து மணிக்கு இடம் தீர்ந்து ஓரங்களில் எழுதினார்கள், பிறகு காலிச் சட்டத்துக்குள்ளும் எழுதினார்கள்.

விழாவுக்கு வந்த மேயர் முதல் வேலையாகப் பலகையிலிருந்த தாளைக் கிழிக்கத்தான் வந்தார். சுரண்டியோடு ஒரு ஆளும் கூட வந்தான். தெமெனுகா குறுக்கே போய் நின்று, அதில் எந்த வரி பொய் என்று மட்டும் காட்டச் சொன்னாள். மேயர் படித்தார். மறுபடி படித்தார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. சுரண்டிக்காரனைப் போகச் சொன்னார். பிறகு, தோற்றவர் எதையாவது சொல்ல வேண்டுமே என்கிற குரலில், அடியில் விரல் வைத்துக் காட்டினார்.

"ஏன்க்கா, செவாஸ்திக்கு இத்தன பேரு. இவருக்கு அழ ஒரு ஆள்கூட இல்லையா?"

நகராட்சி பெயர் வேண்டாம் என்று சொன்னதால் அந்த இடம் வெறுமையாகத்தான் இருந்தது. ஒருவரும் முன்னே வரவில்லை. நான் போயிருக்கலாம், போகவில்லை.

யோன்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். தெமெனுகாவிடம் பேனாவை வாங்கினாள். எட்டு வயதில் அவர் பேச்சை மனப்பாடம் செய்தவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஸ்பாஸ் ஆசிரியரின் பெயருக்குக் கீழே, துயருறுவோர் என்ற இடத்தில், தன் முழுப்பெயரை அழகான கையெழுத்தில் நிதானமாக எழுதினாள்.