மேல்வாய் எலும்பு இல்லாத எக்ஸ்ரே

ஓரிக்கை கிராமத்துச் சுமதிக்கு மறுபடியும் தொடை எலும்பு முறிந்துவிட்டது. லேசாக இடித்தாலே எலும்பு முறியும் பிறவி நோய் அவளுக்கு. சின்ன வயதிலிருந்தே என்னிடம்தான் எக்ஸ்ரே. மறுநாள் காலை மயக்கம் கொடுத்துக் கம்பி வைக்கும் ஆபரேஷன். அதற்காகத் தொடையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

படுத்திருந்தவள் தும்மினாள். உடனே விரல்களை உதறினாள்.

“தும்முனா ரெண்டு கையும் மரத்துப் போவுதுக்கா. ஒரு மாசமாவே இப்படித்தான் இருக்குது.”

கம்ப்யூட்டரில் பட்டுப்புடவை டிசைன் போட்டுச் சம்பாதிப்பவள். கை போனால் பிழைப்பே போச்சு. ஆபரேஷன் செய்யும் டாக்டரிடம் ஓடிச் சொன்னேன். மண்டையைப் பக்கவாட்டில் ஒரு படம் எடுக்கச் சொன்னார்.

இங்கேதான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். அவள் வாங்காத ரேடியேஷனா! பாவம், கொஞ்சமாவது குறையட்டும் என்று எக்ஸ்ரே விழும் இடத்தைக் காட்டும் வெளிச்சக் கட்டத்தை இறுக்கிச் சுருக்கி, மண்டை ஓட்டை மட்டும் எடுத்தேன். பின்மண்டையில் இந்த நோய்க்காரர்களுக்கு இருக்கும் சின்னச் சின்ன எலும்புத் துண்டுகள்கூடத் தெளிவாக விழுந்திருந்தன. எனக்கு ஏகப் பெருமை.

படத்தைப் பார்த்த ரேடியாலஜிஸ்ட் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார்.

“என்னம்மா எடுத்து வச்சிருக்கீங்க? மேல்வாய் எலும்பு எங்க? கழுத்து எங்க? மேல்வாயிலேருந்து பின்மண்டை அடிக்குக் கோடு போட்டாத்தானே கழுத்தெலும்பு மேல ஏறியிருக்குதான்னு தெரியும்? இத்தினி வருஷ சர்வீஸ்ல இதுகூடத் தெரியாதா?”

தெரியும். இரக்கத்தில் மறந்துவிட்டேன். குறைக்கப் போய் இரண்டாவது தடவையும் ரேடியேஷன் கொடுத்தேன். அவள் தலையை அசைக்காமல், படுத்தபடியே வைத்து, எக்ஸ்ரே டியூபைப் பக்கவாட்டில் கொண்டுவந்து, மூக்கிலிருந்து கழுத்து வரை எடுத்தேன்.

ரேடியாலஜிஸ்ட் கோடு போட்டார். கழுத்தின் இரண்டாவது எலும்பின் முனை அந்தக் கோட்டைத் தாண்டி மண்டையின் அடிக்குள் ஏறியிருந்தது. தும்மினால் கை மரத்துப்போனது அதனால்தான். மயக்கத்துக்குக் குழாய் போடும்போது கழுத்தைப் பின்னால் வளைத்திருந்தால் கை கால் விழுந்திருக்கலாம், மூச்சே நின்றிருக்கலாம்.

ஆபரேஷனை நிறுத்தினார்கள். சுமதிக்கு வந்ததே கோபம்.

“அப்போ என் காலு? இப்படியே கெடக்கவா?”

சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே ஸ்கேன் பார்த்துவிட்டு, கழுத்தை வளைக்காமலே மயக்கம் கொடுத்துக் காலுக்குக் கம்பி வைத்தார்கள். கழுத்துக்குத் தனியாக வைத்தியம் பார்க்க வேண்டும் என்றார்கள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒன்றே ஒன்றுதான் சொல்வேன். டாக்டர் எதைப் பார்க்கப் போகிறார் என்று கேட்டுக்கொண்டு, அப்புறம் கட்டத்தைச் சுருக்குங்கள். முதல் படத்தை நம்பி விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் சுமதி வீடியோ காலில் வந்தாள்.

“பாருக்கா, பத்தும் ஆடுது,” என்று விரல்களை ஆட்டிக் காட்டினாள்.