சட்டைப் பையில் ஒரு சுருட்டு

கோபப்படக் கூடாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்துதான் எனக்குக் கோபம் அதிகமாக வருகிறது. போன வருடம் விராலிமலையில், என் மோட்டார் ரிப்பேர் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தேன். ஆம்புலன்சில் திருச்சிக்கு அள்ளிப் போய், அடைத்திருந்த ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்துப் பிழைக்கவைத்தார்கள். அன்றோடு சிகரெட்டை விட்டேன். சும்மா இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு விட்டேன். அந்தப் பல்லில் அகப்பட்டவள் என் மனைவி.

இந்த வருடம் மாடி ஏறினால் நெஞ்சு மறுபடி இறுக்கியது. "இன்னொரு ஆஞ்சியோ பாத்துருவோம். ஸ்டென்ட் அடைச்சிருந்தா பைபாஸ்தான்" என்றார் டாக்டர். நெஞ்சைப் பிளப்பது என்றால் சும்மாவா? எனக்குச் சோறு இறங்கவில்லை. வெளியே மட்டும் விறைப்பாகத் திரிந்தேன்.

ஆஞ்சியோவுக்கு முந்தின நாள் கார்த்திகை. மூட்டுவலிக்காரியான என் மனைவி, கொஞ்ச காலமாக மாசாமாசம் கார்த்திகைக்கு மலைக்கோயிலுக்கு ஏறிக்கொண்டிருந்தாள். "முட்டி போச்சுன்னு கத்துறே. அங்கிட்டு யாரு ஒன்ன வெத்தல பாக்கு வச்சு அழைச்சது?" என்று பொரிந்து தள்ளினேன். அவள் பாட்டுக்குப் போய்வந்தாள். என்னிடமிருந்து தப்பிக்கத்தான் ஓடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் வெறும் வயிற்றோடு ஆஸ்பத்திரிக்குப் போனோம். சட்டையைக் கழற்றச் சொல்லி, முதுகில் முடிச்சுப் போடுகிற பச்சை அங்கியைக் கொடுத்தார்கள். ஊரில் நாலு பேர் வணக்கம் வைக்கிற ஆள் நான். பின்பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு நின்றேன். என் சட்டையை மடித்த நர்ஸ், பையிலிருந்து எதையோ எடுத்து டாக்டரிடம் நீட்டினார். திருநீற்றுப் பொட்டலம். கூடவே ஒரு சுருட்டு.

"சிகரெட்ட விட்டுட்டுச் சுருட்டுக்குப் போயிட்டீங்களா?" என்றார் டாக்டர்.

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் மலையில் சாமிக்குச் சுருட்டு வைத்துக் கும்பிடுவது வழக்கம். அது பிரசாதமாகத் திரும்பி வரும். காலையில் சட்டையை எடுத்துக் கொடுத்தவள் என் மனைவிதான்.

"ஐயோ, அது நான் குடிக்கிறதில்லைங்க. முருகன் குடிக்கிறது!"

டாக்டர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், எங்கள் மலை வழக்கம் அறியாதவர். "முருகன் யாரு, ஒங்க கடையில வேலை பாக்குறவரா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் பிபி எகிறியது. கோபப்படாதீங்க, கோபப்படாதீங்க என்று எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். "விடுங்க. குடிச்சீங்களா இல்லையான்னு உள்ள பாத்தாத் தெரிஞ்சிரும்" என்றார் டாக்டர்.

மணிக்கட்டில் மரத்துப்போக ஊசி போட்டுக் குழாயை விட்டார்கள். மருந்து பாய்ந்ததும் உடம்பெல்லாம் சூடு பரவியது. திரையில் என் ரத்தக்குழாய்கள் கருவேலங்கிளை மாதிரி துடித்தன. எது அடைப்பு, எது திறப்பு என்று எனக்கு என்ன தெரியும்? டாக்டர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முருகா, மானம் போனால் போகட்டும், நெஞ்சை மட்டும் பிளக்க விட்டுவிடாதே என்று வேண்டினேன். பயத்தில் கண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

"ஸ்டென்ட் நல்லாத் தெறந்திருக்கு. ஒரு சின்னக் குழாய்லதான் கொஞ்சம் சுருக்கம். மாத்திரை போதும், பைபாஸ் வேணாம்" என்றார். அப்புறம் லேசாகச் சிரித்து, "ஒங்க முருகனையும் கொஞ்சம் கொறைச்சுக்கச் சொல்லுங்க" என்றார்.

வார்டுக்கு வந்ததும் மனைவியைப் பிடித்துக்கொண்டேன். "மானத்த வாங்கிட்டியேடி! நெஞ்சுவலிக்காரன் பையிலயா சுருட்ட வைப்பே?"

அவள் முட்டியைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "தொணைக்கு இருக்கட்டும்னு வச்சேன். போன வருசம் ஆம்புலன்ஸ்ல ஒங்களக் கொண்டு வரும்போது வேண்டிக்கிட்டேன். இந்த மனுசனால சிகரெட்ட நிப்பாட்ட முடியாது. இவரு பங்கையும் நீயே குடிச்சுக்க முருகா, மாசாமாசம் நானே ஏறி வந்து குடுக்குறேன்னு."

அவள் முட்டியைப் பார்த்தேன்.

"ரொம்ப வலிக்குதா?" என்றேன்.

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"என்னையவா கேக்குறீங்க?" என்றாள்.