இவர் தனித்து வாழத் தகுதியுடையவர்

எங்கள் எதிர்வீட்டு வாசலில் ஒரு நாள் காலை, கோட்டும் தொப்பியும் அணிந்த ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் மூன்று முறை சன்னலைக் கடந்தும் அவர் அசையவில்லை. கண்ணாடியை மாற்றிக்கொண்டு பார்த்தபோதுதான் வைக்கோல் திணித்த பொம்மை என்று தெரிந்தது. நெதர்லாந்தின் இந்தச் சிறு நகரத்துக்கு நான் வந்து இரண்டாண்டுகள் ஆகின்றன. அதற்கு முன் தஞ்சாவூர் மாவட்ட வருவாய்த் துறையில் முப்பத்தாறு வருடம் இருந்து, வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். கால்சட்டை மாட்டிய வைக்கோல் மனிதன் தெருவுக்கு வந்தால் யாரோ அவனைக் கொளுத்தப் போகிறார்கள் என்பது என் அனுபவம். ஆற்றில் தண்ணீர் வராத வருடங்களில் அப்படிப் பலர் எரிவதைப் பக்கத்தில் நின்று பார்த்து, மேலே அறிக்கையும் அனுப்பியிருக்கிறேன். எதிர்வீட்டு அம்மாள் குப்பைத்தொட்டியை உருட்டிக்கொண்டு வெளியே வந்தார். "இது யாருக்கு?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். "என் கணவருக்கு," என்றார் மகிழ்ச்சியாக. "அவர் என்ன செய்தார்?" "ஐம்பது வயதாகிவிட்டது." அது போதுமான காரணமாக எனக்குப் படவில்லை. காவல் நிலையத்தில் முன் அனுமதி வாங்கினீர்களா என்று கேட்டேன். அவர் சற்று யோசித்து, "பாட்டு அவ்வளவு சத்தமாக இருக்காது," என்றார்.

பிறகு என் மகன் கண்ணன் விளக்கினான். ஐம்பது வயது ஆன ஆண், பைபிளில் வரும் முதுபெரும் கிழவர் ஆபிரகாமைப் பார்த்துவிட்டான் என்பது இவர்கள் வழக்காம். அதற்குத்தான் அந்தப் பொம்மை. குழந்தை பிறந்த வீட்டு முன்னால் மரத்தில் செய்த நாரை நிற்கும். பள்ளி இறுதித் தேர்வில் பிள்ளை தேறிவிட்டால், தேசியக் கொடியோடு அதன் புத்தகப் பையையும் கம்பத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். தெருவில் நடந்தாலே எந்த வீட்டில் யார் எந்தப் பருவத்தில் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். எங்கள் தாலுகா அலுவலக அறிவிப்புப் பலகை போலத்தான்; ஆட்சேபணை தெரிவிக்கப் பதினைந்து நாள் அவகாசம் தருவதில்லை, அவ்வளவே.

என் வாசலில் எதைத் தொங்கவிட வேண்டும் என்ற குழப்பம்தான் இந்தக் கட்டுரை. மனைவி சரோஜா இறந்த பிறகு மகன் என்னை இங்கே அழைத்துக்கொண்டான். தங்கும் அனுமதிக்கான கோப்பை நானே தயாரித்தேன். வழக்கறிஞர் கையெழுத்து மட்டும் போட்டார். 'மேற்படியார் தன் மகனைச் சார்ந்தவர், தனித்து வாழ இயலாதவர்' என்று பத்தி பத்தியாக எழுதியதும் நான்தான். கோப்பு நகர்வதற்கு வேண்டிய சொற்கள் என்றே அவற்றை நினைத்தேன். வாரிசுச் சான்று கேட்டு வந்தவர்களுக்கும் அப்படித்தான் சொற்களைத் தேடிக் கொடுத்திருக்கிறேன். இந்த வருடம் எனக்கு எழுபத்தொன்று. தஞ்சாவூரில் என் வீடு பூட்டிக் கிடக்கிறது. பூதலூர்ப் பக்கம் நிலம் குத்தகையில் இருக்கிறது. திரும்பிப் போய் அங்கேயே இருந்துவிட வேண்டும் என்று மகனிடம் சொன்னேன். நீண்ட நாள் வெளியே இருந்தால் இங்கே கொடுத்த அனுமதி அட்டை செல்லாது, போனால் போனதுதான். "அங்க தனியா எப்படிப்பா இருப்பீங்க?" என்றான். இருப்பேன் என்றேன். "நீங்க சொன்னா போதாது. தனியா இருக்கலாம்னு இங்க ஒருத்தர் எழுதிக் கொடுக்கட்டும், அன்னைக்கே டிக்கெட் போடறேன்." சான்றிதழ்தானே என்று நினைத்தேன். வாழ்நாளில் எத்தனை ஆயிரம் சான்றிதழ் கொடுத்தவன் நான்.

நகராட்சியின் முதியோர் பிரிவிலிருந்து மரைக்கே என்ற பெண் வந்தாள். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். பிறப்பு முதல் முதுமை வரை மனித மனம் வளரும் விதத்தைப் பல்கலைக்கழகத்தில் படித்தவளாம். முதலில் என் நினைவைச் சோதித்தாள். சொற்களைத் திருப்பிச் சொன்னேன், கடிகாரம் வரைந்தேன், நூறிலிருந்து கீழே கழித்துக்கொண்டே போனேன். அவள் நிறுத்தச் சொன்ன பிறகும் கழித்தேன். கூடவே என் நிலத்தின் புல எண்ணையும் உட்பிரிவுகளையும் நான்கு எல்லைகளையும் சொன்னேன். அவள் அதைக் கேட்கவில்லை. இருந்தாலும் கோப்பில் இருக்கட்டுமே.

அடுத்த படிவத்தில்தான் வில்லங்கம் வந்தது. சமையல், துணி துவைத்தல், கடைக்குப் போதல், மாத்திரை எடுத்தல், வீட்டைத் துப்புரவாக வைத்தல். ஒவ்வொன்றுக்கும் மூன்று கட்டங்கள்: தானே செய்கிறார், உதவியுடன் செய்கிறார், செய்ய இயலாது. "சமைப்பீர்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "எப்போதிலிருந்து முடியாமல் போயிற்று?" "முடியாமல் போகவில்லை. தொடங்கவே இல்லை." துணிக்கும் அதே பதில்தான். அவள் பேனாவை வைத்துவிட்டுக் கண்ணனைப் பார்த்தாள். கண்ணன் தரையைப் பார்த்தான். இழந்த திறன்களைக் கணக்கெடுக்கும் படிவம் அது. எனக்கு இழப்பதற்கே ஒன்றும் இருக்கவில்லை.

"பெற்றோர் வீட்டிலிருந்து எந்த வயதில் வெளியேறினீர்கள்?"

"நான் வெளியேறவில்லை. அவர்கள்தான் காலமானார்கள்."

"தனியாக எப்போதாவது வாழ்ந்திருக்கிறீர்களா?"

"பட்டுக்கோட்டையில் இரண்டு வருடம். சாப்பாட்டுக்கு மெஸ் இருந்தது. துணிக்கு ஆள் வந்தார்."

"அப்படியானால், வளர்ந்துவிட்டேன் என்று எப்போது உணர்ந்தீர்கள்?"

எனக்கு இதற்குப் பதில் தெரியும். அப்பா இறந்து, பட்டா என் பெயருக்கு மாறிய முப்பத்து நான்காவது வயதில். அதுவரை "வாப்பா" என்று கூப்பிட்ட உரக்கடைக்காரர் அன்று எழுந்து நின்று "வாங்க, உக்காருங்க" என்றார். அந்த 'ங்க'தான் எனக்கு நாரை, பை, பொம்மை எல்லாம். மரைக்கே கவனமாகக் கேட்டாள். பிறகு, "அது மற்றவர்கள் உங்களை நடத்திய விதம். நான் கேட்டது உங்களைப் பற்றி," என்றாள்.

நான் கையாலாகாதவன் அல்ல என்பதை அவளுக்குப் புரியவைக்க வேண்டியிருந்தது. வேளாங்கண்ணித் திருவிழாவில் பந்தோபஸ்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு ஏற்பாடு செய்தவன் நான். புயல் முகாமில் ஆயிரக்கணக்கான பேருக்கு மூன்று வேளையும் பொங்கிப் போட வைத்திருக்கிறேன். ஆளுக்கு எத்தனை கிராம் அரிசி என்பது இன்றும் நினைவிருக்கிறது. சம்பா விளைந்த வயலின் வரப்பில் நின்று, ஏக்கருக்கு எத்தனை மூட்டை காணும் என்று கண்ணாலேயே சொல்லியிருக்கிறேன். அறுத்து எடை போட்டால் அரை மூட்டை முன்பின் இருக்கும். இதையெல்லாம் அடுக்கினேன். "மிக நன்று," என்றாள் மரைக்கே. "அந்த அரிசியைச் சோறாக்க எவ்வளவு தண்ணீர் வேண்டும்?"

கடைசியாக ஒன்று கேட்டாள். "உங்கள் மனைவி நோயுற்றிருந்தபோது அவரை யார் பார்த்துக்கொண்டார்கள்?" நான்தான் என்றேன். உண்மையும் அதுதான். மருத்துவக் காப்பீட்டுப் படிவங்கள், ரசீதுகள், நகல்கள் எல்லாவற்றையும் தேதிவாரியாகக் கோத்து வைத்தேன். ஒரு தாளும் திரும்பி வரவில்லை. கடைசி மூன்று மாதம் சரோஜாவால் அடுப்பின் முன் நிற்க முடியவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி சமைத்தாள். அந்த நாற்காலியைக் கடைகடையாய் ஏறி, சரியான உயரம் பார்த்து வாங்கி வந்தவன் நான். "பரவால்லயே, எனக்குன்னு பாத்து வாங்கிட்டு வந்திருக்கீங்க," என்று சிரித்தாள். நல்ல கணவன் என்றே அன்று என்னை நினைத்துக்கொண்டேன். மரைக்கேயிடம் இதைச் சொல்லத் தொடங்கி, நாற்காலி வரைக்கும் வந்து நிறுத்திவிட்டேன். ஆங்கிலம் வரவில்லை என்று அவள் எண்ணியிருக்கக்கூடும்.

அடுத்த வாரம் அவள் அலுவலகத்துக்குப் போனோம். காத்திருக்கும் அறையில் ஒரு பழைய படம் மாட்டியிருந்தது: படிக்கட்டு ஒன்று இடதுபுறம் ஏறி, வலதுபுறம் இறங்குகிறது. கீழே தொட்டில், உச்சிப்படியில் ஐம்பது வயதுக்காரன், மறுபுறம் இறங்க இறங்கக் கூன், கோல், படுக்கை. எனக்குரிய படியைத் தேடினேன். வயதைப் பார்த்தால் இறங்குகிற பக்கத்தில் இரண்டாவது படி. மரைக்கேயின் படிவத்தைப் பார்த்தால் ஏறுகிற பக்கத்தில் பொம்மையோடு நிற்கும் சிறுபிள்ளையின் அருகே. ஏறாமலே ஒருவன் எப்படி இறங்க முடியும்? இதற்கு ஏதாவது அரசாணை இருக்கும் என்று பழக்கதோஷத்தில் யோசித்தேன். "உங்களுக்கு நோய் எதுவும் இல்லை," என்றாள் மரைக்கே. "ஆனால் தனியாக வாழலாம் என்று என்னால் கையெழுத்துப் போட முடியாது." பிறகு, எந்த வயதிலும் வளர்ச்சி நின்றுவிடுவதில்லை என்று அழகாக விளக்கி, ஒரு துண்டுத்தாளைக் கொடுத்தாள். தனியாக இருக்கும் ஆண்களுக்கான சமையல் வகுப்பு, வியாழக்கிழமைகளில், சமூகக் கூடத்தில்.

போனேன். ஏழு டச்சுக் கிழவர்கள் ஏப்ரன் கட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். சிலர் மனைவியை இழந்தவர்கள், சிலரை மனைவி விட்டுப் போயிருந்தாள். மூன்றாம் வாரம் அரிசி வந்தது. ஆசிரியர் பெரிய பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அரிசியைப் போட்டு, வெந்ததும் தண்ணீரைக் கொட்டிவிட்டார். எனக்கு அதிர்ச்சி. வீட்டுக்கு வந்ததும் கண்ணனிடம் சொன்னேன்: "இவனுங்களுக்குச் சோறு ஆக்கவே தெரியலப்பா. நிறைய தண்ணில வேகவச்சு, அப்புறம் தண்ணிய எல்லாம் கொட்டிடறானுங்க."

கண்ணன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "அதுக்குப் பேரு வடிக்கிறதுப்பா. அம்மா தெனம் அதைத்தான் செஞ்சாங்க."

"நம்ம வீட்லயா?"

"நம்ம வீட்லதான். கஞ்சிய எங்க ஊத்துனாங்கன்னாச்சும் தெரியுமா?"

தெரியாது. நாற்பத்து நான்கு வருடம் அந்த அடுக்களைக்கும் என் சாப்பாட்டுத் தட்டுக்கும் பத்தடி தூரம். கண்ணன் சொல்லிக்கொண்டே போனான். வெளிநாட்டுக்குப் போன முதல் வாரம், சோறு குழைகிறதென்று அம்மாவுக்குப் போன் செய்தானாம். பருக்கையை விரலில் எடுத்து நசுக்கிப் பார், நடுவில் வெள்ளைப் புள்ளி இருந்தால் இன்னும் வேகட்டும் என்று அவள் சொல்லித் தந்தாளாம். "அன்னைக்கு வடிச்சு எறக்கினேன் பாருங்க, அப்பதான் இனிமே இங்க பொழச்சுக்குவோம்னு தோணுச்சு." அந்தப் போன் எனக்கும் நினைவிருக்கிறது. எப்போது முடிப்பார்கள், வங்கிக் கணக்கு தொடங்கும் நடைமுறையை எப்போது சொல்வது என்று பக்கத்திலேயே காத்திருந்தேன். என் மகன் பெரியவனாகிக்கொண்டிருந்தான். நான் ரிசீவருக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதம் கழித்து மரைக்கே மறுபடி வந்தாள். அவள் பார்க்கவே துணி துவைத்தேன், கடைக்குப் போய் வந்தேன், சோறு வடித்து ரசம் வைத்தேன். ரசத்தைக் குடித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகு. ஆனாலும் கையெழுத்துப் போட்டாள். அன்று மாலை கண்ணன் அந்தக் கடிதத்தை இரண்டு தரம் படித்தான். "என்னப்பா, ஏதாச்சும் தப்பா இருக்கா?" என்றேன். "இல்லப்பா, சரியாத்தான் இருக்கு. நீங்க பாஸாக மாட்டீங்கன்னு நெனச்சுத்தான் இதைக் கேட்டேன்." நாற்பது வயதுக்காரன், தலையில் நரை வந்துவிட்டது. அவன் முகத்தைப் பார்க்க, முதன்முதலாக அவனைப் பள்ளிக்கூட வாசலில் நான் விட்டுவிட்டுத் திரும்பிய நாளில் இருந்தது போலவே இருந்தது. இதற்கு அந்தப் படத்தில் எந்தப் படியில் இடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் சொன்னபடி டிக்கெட் போட்டுவிட்டான். அடுத்த மாதம் பயணம்.

நேற்று நண்பகல். கண்ணன் வேலைக்குப் போயிருந்தான். மருமகள் வித்யா மாடியில் கணினி முன்னால் இருந்தாள். எனக்காக ஒரு டம்ளர் அரிசியைக் களைந்துகொண்டிருந்தபோது தஞ்சாவூரிலிருந்து போன் வந்தது. என் அண்ணன் மகள் மல்லிகா. ஒலிபெருக்கியில் போட்டேன். "சித்தப்பா, வீட்ட ஒட்டடை அடிச்சுக் கழுவி விட்டாச்சு. சமையலுக்கும் ஒரு அம்மாவப் பாத்துட்டேன். காலைல வந்து மூணு வேளைக்கும் ஆக்கி வச்சுட்டுப் போயிடும்."

"எதுக்கும்மா? நானே சமைச்சுக்குவேன்."

மறுமுனையில் மல்லிகா விழுந்து விழுந்து சிரித்தாள். "நல்லா இருக்கு. நாங்கல்லாம் இங்க இருக்கறப்ப நீங்க கரண்டியப் புடிச்சா ஊரு எங்களத்தான் காறித் துப்பும். தாசில்தாரு அடுப்படில நிக்கறாருன்னு தெருவே வேடிக்கை பாக்கும். அதெல்லாம் ஒண்ணும் வேணாம் சித்தப்பா. நீங்க வந்து ராஜா மாதிரி உக்காருங்க, போதும். அந்த அம்மாகிட்ட வரச் சொல்லிடவா?"

தனியாக வாழலாம் என்று எழுதிக் கொடுத்த ஊரில் நான் தனியாக வாழப் போவதில்லை. தனியாக வாழ நினைத்த ஊரில் என்னைத் தனியாக விடப் போவதில்லை. அரிசி களைந்த தண்ணீரை நான் கொட்டிக்கொண்டிருக்கும்போதே மாடியிலிருந்து வித்யாவின் குரல் கேட்டது.

"மாமா, சோறு வைக்கிறீங்களா? எனக்கும் சேத்துப் போட்டுடுங்க. மீட்டிங் முடியல."

என்னிடம் அப்படி ஒருவர் கேட்பது இதுதான் முதல் முறை. "சித்தப்பா, லைன்ல இருக்கீங்களா?" என்றாள் மல்லிகா. "இரும்மா," என்றேன். கையெல்லாம் ஈரம். போனை அப்படியே வைத்துவிட்டு, டம்ளரை எடுத்து இன்னொரு அளவு அரிசி அள்ளினேன்.