கிராம் அக்காவும் சாப்பிடாத மாப்பிள்ளையும்

கடைத்தெருவில் எந்தக் கடையின் தராசு கோணிக்கொண்டாலும் கிராம் அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். காய்கறிக் கடை, நகைக் கடை, தபால் அலுவலகம், பழைய இரும்புக் கடை என்று அவள் கால் படாத இடம் கிடையாது. ஒரு பையில் எடைக்கற்கள், ஸ்க்ரூடிரைவர், துடைக்க ஒரு துணி. வந்ததும் நலம் விசாரிக்க மாட்டாள். "எவ்ளோ காட்டுது?" என்றுதான் ஆரம்பிப்பாள். கல்லை வைப்பாள், எடுப்பாள், மறுபடி வைப்பாள். மூன்று தடவையும் ஒரே எண் வந்தால்தான் அந்தத் தராசு தேறியது. ஒரே தடவை பார்த்த எடை எடையே இல்லை என்பது அவள் கட்சி.

வீட்டிலும் அதே கெடுபிடிதான். புருஷன் காபியில் கொஞ்சம் சர்க்கரை கேட்டால், "கொஞ்சம்னா எத்தனை கிராம்?" என்பாள். பள்ளி வேன் ஓட்டும் அந்த மனுஷன் பதினெட்டு வருஷத்தில் அந்தச் சொல்லையே மறந்துபோனார். இப்போது "பன்னிரண்டு போடும்மா" என்கிறார்.

இப்படிப்பட்டவள் தலையில் ஒரு பாம்பு வந்து விடிந்தது.

பாம்பு அவள் தம்பியுடையது. கப்பலில் வேலை கிடைத்து ஒன்பது மாதத்துக்குக் கிளம்பியவன், கண்ணாடித் தொட்டியோடு அதைக் கொண்டுவந்து அக்கா வீட்டுக் கூடத்தில் இறக்கினான். மலைப்பாம்பில் ஒரு சின்ன வகை. விஷமில்லை. பயந்தால் பந்தாகச் சுருண்டு தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

"வாரத்துக்கு ஒரு எலிதான் அக்கா. ஐஸ் பெட்டியில இருக்கு. வெந்நீர்ல சூடு பண்ணி, இடுக்கியால பிடிச்சுக் காட்டு. வேற ஒரு தொல்லையும் கிடையாது, பாவம்" என்றான்.

பதினோரு வயதில் அம்மாவை இழந்தவன் அவன். அன்றிலிருந்து அவனை ஆளாக்கியது அக்காதான். அவன் கேட்டு அவள் மாட்டேன் என்றதில்லை. திட்டிக்கொண்டே செய்வாள், அவ்வளவுதான். அன்றும் திட்டினாள். பிறகு பாம்பைத் தூக்கித் தராசில் வைத்து எடை பார்த்தாள். ஆயிரத்து நூற்று இருபது கிராம். எடுத்தாள், வைத்தாள். எடுத்தாள், வைத்தாள். ஒரு நோட்டில் மூன்று கட்டம் போட்டு மூன்றிலும் எழுதிக்கொண்டாள். தம்பி திரும்பி வரும்போது ஒரு கிராம் குறையாமல் ஒப்படைக்க வேண்டும்.

முதல் வாரம் பாம்பு எலியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புது இடம், பழகட்டும் என்று விட்டாள். இரண்டாம் வாரமும் அதே கதை. மூன்றாம் வாரம் எலியை ஆட்டிக் காட்டினாள், மூக்கில் உரசினாள், "சாப்பிட்டுத் தொலையேன்" என்று கெஞ்சினாள். பாம்பு பந்தாகச் சுருண்டுகொண்டது. புருஷன் வாசற்படிக்கு அந்தப் பக்கமே நின்று எட்டிப் பார்த்தார். பாம்பு இருக்கும் கூடத்துக்குள் அவர் கால் வைப்பதில்லை. அடுப்படிக்குப் பின்கட்டு வழியாகத்தான் போக்குவரத்து.

"பொண்ணு வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரியில்ல முறுக்கிக்கிட்டு இருக்கான்! என்ன குறை வச்சோமோ!" என்றார்.

அன்றிலிருந்து அதற்கு மாப்பிள்ளை என்றே பேர் நிலைத்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எடை இறங்கிக்கொண்டிருந்தது. தினமும் காலையில் பல் தேய்த்த கையோடு நோட்டை எடுத்துவிடுவாள். ஆயிரத்து எண்பது. ஆயிரத்து நாற்பது. தொள்ளாயிரத்துத் தொண்ணூறு. ஒவ்வொரு எண்ணும் மும்மூன்று தடவை உறுதியானது. அவள் போட்டது தப்பு என்று சொல்ல அவளுக்கே வழியில்லை.

என்னதான் செய்யவில்லை? பெரிய எலி, குட்டி எலி, வெள்ளை எலி, சாம்பல் எலி எல்லாம் பார்த்தாயிற்று. விளக்கின் சூட்டை ஏற்றினாள், இறக்கினாள். கண்ணில் படட்டும் என்று தொட்டியை வேலை மேசைக்குப் பக்கத்திலேயே நகர்த்திப் போட்டுக்கொண்டாள். ஐஸ் பெட்டியில் இருந்த எலி டப்பாவை ஐஸ்கிரீம் என்று நினைத்துத் திறந்த புருஷன் இரண்டு நாள் சோறு தொடவில்லை. "உங்களுக்கும் அதுக்கும் சேர்த்து நான் யாரைக் கெஞ்சுறது?" என்று அவரிடம் எரிந்து விழுந்தாள். தெருக்கோடி மிருக டாக்டரோ, "நாய், பூனைன்னா கொண்டாங்க. இதெல்லாம் எனக்கு ஆகாது" என்று கையை விரித்துவிட்டார்.

தம்பி துறைமுகம் துறைமுகமாகப் போய், பத்துப் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை பேசுவான். "மாப்பிள்ளை எப்படி அக்கா?" என்பான். பேர் அவன் வரைக்கும் போயிருந்தது. "நல்லா சாப்பிடுறான்டா" என்பாள். நடுக்கடலில் இருப்பவனுக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது? சொன்ன பிறகு போனை வைத்துவிட்டுத் தன் மேலேயே வெறுப்பாக உட்கார்ந்திருப்பாள். கவலையும் பயமும் சேர்ந்து அவளுக்கே சாப்பாடு பிடிக்காமல் போனது.

நூற்றுப் பதினெட்டாம் நாள் எண்ணூற்று அறுபத்தெட்டு காட்டியது. முதுகெலும்பு வரப்பு மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது. பாம்பு பார்க்கும் டாக்டரம்மா ஒருத்தி இரண்டு மணி நேரப் பயணத்தில் இருப்பதாக நகைக் கடைக்காரர் சொன்னார். பாம்பைத் துணிப்பையில் கட்டி, பையைப் பெட்டியில் வைத்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பக்கத்து இருக்கைக்காரி "என்னம்மா, கேக்கா?" என்று கேட்டதற்கு "ஆமா" என்றாள்.

டாக்டரம்மா வாயைத் திறந்து பார்த்தாள், செதிலைத் தடவினாள், மூச்சைக் கேட்டாள். வாயில் புண் இல்லை, உண்ணி இல்லை, சளி இல்லை.

"நோய்னு எதுவும் தெரியலை. நல்லா இருக்கிற பாம்புகூட மாசக்கணக்கில சாப்பிடாம கிடக்கும். ஆனா இவ்ளோ இறங்கக் கூடாது. எடை எப்பவாவது பார்த்தீங்களா?"

இந்தக் கேள்விக்காகவே பிறந்தவள் போல கிராம் அக்கா நோட்டை நீட்டினாள். டாக்டரம்மா பக்கம் பக்கமாகப் புரட்டினாள். முதலில் இருந்த மெச்சுதல் மெல்ல மெல்ல முகத்தை விட்டுப் போனது.

"இது என்ன, மூணு கட்டம்?"

"மூணு தடவை பார்ப்பேன்."

"மூணு தடவைன்னா... ஒவ்வொரு தடவையும் வெளியே தூக்கியா?"

"தூக்காம எப்படி? அப்படியே கிடந்தா அது ஒரே எடைதானே."

"தினமும்?"

"ஒரு நாள் விட்டதில்லை" என்றாள் கிராம் அக்கா, பெருமையாகவே.

டாக்டரம்மா நோட்டை மூடி மேசையில் வைத்தாள். "அம்மா, இது புது வீட்டுக்கு வந்திருக்கு. நாலு பக்கமும் கண்ணாடி, ஒளிய இடமில்லை. விடிஞ்சா ஒரு கை வந்து தூக்குது. போட்டுட்டு மறுபடி தூக்குது. நீங்க எடை பார்க்குறது அதுக்கு எப்படித் தெரியும்? தன்னைப் பிடிச்சுத் தின்ன ஏதோ வருதுன்னுதான் நினைக்கும். உயிருக்குப் பயந்து கிடக்கிறது எங்கே சாப்பிடும்?"

நூற்றுப் பதினெட்டை மூன்றால் பெருக்க அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். முந்நூற்று ஐம்பத்து நான்கு தடவை.

டாக்டரம்மா வழி சொன்னாள்: அமைதியான அறையில் வைக்க வேண்டும். உடம்பை ஒட்டினாற்போல் படுக்கச் சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என்று இரண்டு மூடிய டப்பா வேண்டும். கண்ணாடிக்கு வெளியே துணி கட்ட வேண்டும். சாயங்காலம் எலியைச் சூடு பண்ணி டப்பா வாசலில் வைத்துவிட்டுக் கதவை மூடினால் காலை வரை எட்டிப் பார்க்கக் கூடாது. பதினான்கு நாள் எடை கிடையாது. சாப்பிட்டால் அதற்குப் பிறகு நான்கு நாள் தொடவே கூடாது, தொட்டால் கக்கிவிடும். அதற்கும் மசியவில்லை என்றால் குழாய் விட்டு ஊட்ட வேண்டும்; அதைத் தாங்குமா என்று சொல்ல முடியாது.

திரும்பும்போது பஸ்ஸில் அவளுக்கு அப்படியொரு கோபம். டாக்டரம்மா மேல், தம்பி மேல், மடியில் கிடந்த பெட்டி மேல். எடை பார்ப்பது தப்பாம்! எடை பார்க்காமல் உலகத்தில் எது நடக்கிறது? பாதி வழியில் கோபம் தீர்ந்து, மிச்சமாக அந்த முந்நூற்று ஐம்பத்து நான்கு மட்டும் நின்றது.

பின்னறையைக் காலி செய்தாள். வீட்டுத் தராசைப் புருஷன் எடுத்து வேனில் வைத்துக்கொண்டார். "கண்ணுல பட்டா உன் கை சும்மா இருக்காது" என்றார். அவளைத் தெரிந்தவர். ஐந்தாம் நாள் வைத்த எலி அப்படியே கிடந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்து ஒரு பாவமும் அறியாத ஸ்க்ரூடிரைவரைச் சுவரில் வீசினாள். எடை எவ்வளவோ, இன்னும் இறங்கியதோ, உள்ளே உயிர் இருக்கிறதோ என்று எதுவும் தெரியாமல் நாளை ஓட்டுவது அவளுக்கு நரகமாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் மறுபடி ஓர் எலி வைத்தாள். காலையில் கதவைத் திறந்தால் எலியைக் காணோம்.

வேறு யாராவது என்றால் சந்தோஷத்தில் குதித்திருப்பார்கள். அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தின்றதா, இல்லை தள்ளிவிட்டு மேலேயே படுத்திருக்கிறதா? உள்ளே கிடந்து அழுகினால்? தரையில் குப்புறப் படுத்துப் பார்த்தாள். டப்பா இருட்டுக்குள் ஒன்றும் தெரியவில்லை. தூக்கி வைத்தால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். வேனில் போன தராசு போகட்டும், பழுது பார்க்க வந்தவை வீட்டில் ஏழு இருந்தன. ஒன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து, சுழியத்துக்குக் கொண்டுவந்தாள். கையைத் தொட்டிக்குள் விடும்போது போன் அடித்தது. தம்பி.

"மாப்பிள்ளை எப்படி அக்கா?"

வழக்கமான பதில் வாய் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. "நான் உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்டா. அவன் சாப்பிடவே இல்லை. நான்தான் தினமும் தூக்கித் தூக்கிக் கெடுத்துட்டேன்" என்று எல்லாவற்றையும் கொட்டினாள்.

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"'நல்லா சாப்பிடுறான்'னு சொன்னே. எத்தனை கிராம்னு சொல்லவே இல்லை. அப்பவே புரிஞ்சுது. கேட்டா நீ உடைஞ்சு போவேன்னு விட்டுட்டேன்."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அவனே தொடர்ந்தான்.

"என்னையும் இப்படித்தானே அக்கா பண்ணினே. அம்மா போனப்புறம், மூட்டை போடுற தராசுல தினமும் காலையில ஏத்துவியே. அரைக் கிலோ குறைஞ்சா உன் முகம் போற போக்கைப் பார்த்தாலே எனக்குச் சோறு இறங்காது."

"ஏன்டா, அப்பவே சொல்லக் கூடாதா?"

"அழுதுக்கிட்டே ஏத்துவ. உன்கிட்ட எப்படிச் சொல்றது?"

போனை வைத்த பிறகு வெகுநேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். அந்த வயதில் அவன் இளைத்தது சாப்பாடு போதாமல் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். பிறகு தராசின் ஸ்விட்சை அணைத்து, கையைத் தொட்டியிலிருந்து தள்ளியே வைத்துக்கொண்டு எழுந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

டாக்டரம்மா சொன்னது நான்கு நாள். இவள் ஐந்து நாள் பொறுத்தாள். அந்த ஐந்தாவது நாளை யாரும் சொல்லி அவள் கூட்டிக்கொள்ளவில்லை. அறையிலிருந்து வாடை எதுவும் வரவில்லை. ஆறாம் நாள் காலை, புருஷன் வேனிலிருந்து தராசைக் கொண்டுவந்து கொடுத்தார். அவள் பாம்பை மெதுவாகத் தூக்கி வைத்தாள். அது சுருளவில்லை, நாக்கை நீட்டித் தட்டைத் தடவிப் பார்த்தது. தொள்ளாயிரத்து இரண்டு.

முதல் கட்டத்தில் எழுதினாள். பழக்கத்தில் கை மறுபடி தூக்கப் போனது. காலியாக இருந்த மற்ற இரண்டு கட்டங்களையும் பார்த்தாள். பேனாவை மூடினாள். பாம்பை டப்பா வாசலில் விட்டதும் அது தன் பாட்டுக்கு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது.

வாசற்படிக்கு அந்தப் பக்கம் நின்று புருஷன் கேட்டார்: "ஏறியிருக்கா?"

"ம். கொஞ்சம்" என்றாள் கிராம் அக்கா.